எந்த இடத்தில் கை நின்றது? அடுத்த ஆர்பிஜி தேடுகிறவர்களுக்கு

ஊரில் நோம்பி சாட்டி ஒறம்பரை எல்லாம் கூடிவிட்டால், பந்தி முடிந்த கையோடு என்னிடம் ஒரு கேள்வி வரும். "ஏனுங்ணா, அது முடிஞ்சுதுங்ணா. அடுத்து என்னத்த விளையாடறது?" கேட்பவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் மாமன் மகனாக இருக்கலாம், பல்லடம் பக்கம் தறி ஓட்டும் பங்காளி வீட்டுத் தம்பியாக இருக்கலாம், கோபியில் டீச்சராக இருக்கும் பெரியம்மா மகளாகவும் இருக்கலாம். "அது" என்பது கதையை முன்னால் வைத்து நடக்கும் ஏதோ ஓர் ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம். ராத்திரி ராத்திரி உட்கார்ந்து வேறோர் ஆளாக வாழ்ந்துவிட்டு, அது முடிந்ததும் மறுநாள் ராத்திரி என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களின் கேள்வி இது. எனக்கு அந்த நிலை நன்றாகத் தெரியும். அதனால் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி அனுப்ப மனம் வராது.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முடித்த கேமில் எந்த இடத்தில் கை நின்றது? பட்டனை அழுத்தாமல், திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தது எந்தக் காட்சியில்?

அடுத்த கேமை அந்தக் காட்சியே சொல்லிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். விமர்சகர்கள் போடும் மதிப்பெண்ணும் வரைபடத்தின் அளவும் அதைச் சொல்லாது. ஒரே கேமை முடித்த இரண்டு பேர் இரண்டு வேறு காரணங்களுக்காக அதில் தங்கியிருப்பார்கள். ஒருவருக்கு வாள் சண்டை, இன்னொருவருக்கு வழியில் சந்தித்த ஒரு கிழவியின் கதை. இருவருக்கும் ஒரே பட்டியலை நீட்டினால் ஒருவராவது பாதியில் விட்டுவிடுவார்.

மாமன் மகன் முடித்தது 'தி விட்சர் 3'. போலந்து நாட்டு சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015-ல் வெளியிட்டது. எனக்குத் தெரிந்த பலர் ஆர்பிஜி பக்கம் வந்ததே அதன் வழியாகத்தான். அவனுக்குக் கை நின்ற இடம் வெலன் என்ற சதுப்பு நாட்டில் இருக்கும் பிளடி பாரன் என்ற பிரபுவின் வீடு. சிரி என்ற பெண்ணைத் தேடி வரும் கதாநாயகன் ஜெரால்ட்டிடம் அந்தப் பிரபு பேரம் பேசுகிறான்: என் மனைவியையும் மகளையும் காணோம், கண்டுபிடித்துக் கொடு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சரி என்று அந்த வீட்டைத் துழாவத் தொடங்கினால், காணாமல் போனவர்கள் அவனிடமிருந்தே தப்பி ஓடியவர்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. குடி, அடி, வயிற்றிலேயே இறந்த சிசு. அந்த ஆளை மன்னிக்கவும் கேம் சொல்லவில்லை, தண்டிக்கவும் சொல்லவில்லை. அதோடு, வேறொரு இடத்தில் வேறொரு விஷயமாக நாம் எடுத்த முடிவு இந்தக் குடும்பத்தின் தலையில் வந்து விடிகிறது.

"அந்தாளு மேல ஆத்தரமா வருதுங்ணா. ஆனா அவன் அழுகறப்ப ஒரு வார்த்தை திட்ட முடியலீங்ணா" என்றான். குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீடு எங்கள் வளவிலும் இருந்தது. எங்கள் இருவருக்கும் அந்த வீடு தெரியும்.

இவனுக்கு இணையம் முழுக்கக் கிடைக்கும் பதில் 'ஸ்கைரிம்'. 2011-ல் வந்த அது நல்ல கேம், மலை ஏறி ஊர் சுற்ற ஆசைப்படுபவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இவன் நின்றது ஒரு வீட்டு வாசலில். அவனுக்கு நான் சொன்னது 'பென்டிமென்ட்'.

இந்த ஒரு கேமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டுக் கிராமத்தில் பிறந்த யாரும் இதை விளையாடாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். அப்சிடியன் நிறுவனத்தில் ஜோஷ் சாயர் தலைமையில் ஒரு சிறு குழு செய்து 2022 நவம்பரில் வெளியானது. கதை நடப்பது ஜெர்மனியின் பவேரியா பகுதியில், டாஸ்ஸிங் என்ற கற்பனைக் கிராமத்தில். ஆண்டு 1518. நாம் ஆண்ட்ரியாஸ் மாலர் என்ற ஓவியன். கிராமத்துக்கு மேலே இருக்கும் மடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவன். மடத்துக்கு வந்த ஒரு பிரபு கொலை செய்யப்படுகிறான். ஆண்ட்ரியாஸின் வயதான குருவின் மேல் பழி விழுகிறது. அவரைக் காப்பாற்ற வேண்டுமானால் வேறொரு குற்றவாளியைக் காட்டியாக வேண்டும்.

கேட்பதற்குத் துப்பறியும் கதை. விளையாடும்போது வேறாகிவிடுகிறது. விசாரிக்க இருக்கும் நேரம் கொஞ்சம். ஒரு துப்பைத் தொடர்ந்தால் இன்னொன்று கை நழுவும். மதியம் யார் வீட்டில் சாப்பிட உட்காருவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே நடக்கும் பேச்சில்தான் பாதி விஷயம் கிடைக்கும். இந்தச் சாப்பாட்டுக் காட்சிகள்தான் எனக்குக் கேமின் உயிர். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே அந்த வீட்டின் நிலைமை தெரிந்துவிடும். மில் வைத்திருப்பவர் வீட்டுப் பந்தி வேறு, குடியானவர் வீட்டுக் கஞ்சி வேறு. புருஷன் செத்த பிறகு வீட்டை மடம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற கோபத்தில் வாழும் கிழவி ஒருத்தி இருக்கிறாள். நிலமும் வீடும் யார் பேரில் என்பதை வைத்தே ஊர்ச் சண்டைகள் நடக்கப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிழவியைச் சந்தேகப்படவும் மனம் வராது, விட்டுவிடவும் மனம் வராது.

கடைசியில் ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாம் கைகாட்டும் ஆள் ஊரார் முன்னால் கொல்லப்படுகிறார். அவர்தான் செய்தார் என்று கேம் நமக்கு உறுதி சொல்வதே இல்லை. அப்புறம் ஏழு ஆண்டுகள் தாண்டி அதே ஊருக்கு வருகிறோம். குழந்தையாக இருந்தவை வளர்ந்திருக்கின்றன, சிலர் இல்லை, நாம் கைகாட்டிய ஆளின் வீட்டில் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. காட்டில் விறகு பொறுக்கவும் மடம் தடை போட, குடியானவர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். 1525-ல் ஜெர்மனியில் உண்மையாகவே நடந்த விவசாயிகள் கிளர்ச்சி அந்த ஊரையும் வந்து தொடுகிறது. மூன்றாம் பாகத்தில் இன்னும் பல ஆண்டுகள் கழித்து, அச்சகக்காரரின் மகள் மக்தலேனாவாக ஊர் மண்டபத்துச் சுவரில் ஊரின் வரலாற்றை ஓவியமாக வரைகிறோம். எதை வரைவது, யாரை விடுவது? எங்கள் பக்கத்து வயல் வரப்புகளில் பேர் தெரியாத நடுகற்கள் நிற்கின்றன. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து மாலை போடுவார்கள், ஆள் யாரென்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கற்களுக்கு முன்னால் நின்றவர்களுக்கு மக்தலேனாவின் திண்டாட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் குரல் நடிப்பு கிடையாது, எல்லாம் எழுத்து. துறவி பேசினால் ஒரு வகை எழுத்து, குடியானவர் பேசினால் இன்னொரு வகை, அச்சகக்காரர் பேசினால் அச்சுக் கோத்தது போல. படிக்கக் கடினமாக இருந்தால் அமைப்பில் எளிய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ளலாம். தெரியாத பெயருக்கும் சொல்லுக்கும் பக்க ஓரத்தில் குறிப்பு இருக்கும். சாதாரண ஆபீஸ் லேப்டாப்பிலும் ஓடும்.

பென்டிமென்ட் முடித்து, அதற்கும் நூறாண்டு முந்தைய ஐரோப்பாவில் இன்னும் கொஞ்சம் இருக்க ஆசைப்பட்டால் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. செக் நாட்டின் வார்ஹார்ஸ் நிறுவனம் 2018-ல் வெளியிட்டது. 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் ஹென்றி என்ற கொல்லர் மகனின் கதை. மந்திரம் இல்லை, பூதம் இல்லை. சண்டை கடினம், முதலில் நிறைய அடி வாங்குவோம். எனக்கு அதில் மறக்காதது ஒன்று. ஹென்றிக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் தாறுமாறாகக் கலைந்து கிடக்கும். ஓர் எழுத்தரிடம் போய்க் கற்றுக்கொண்ட பிறகு, படிக்கப் படிக்க அவை ஒழுங்காகிக்கொண்டே வரும். எங்கள் அம்மாயி அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தவர். பஸ் பலகையைத் தானே படித்து ஏறிய அன்று வீட்டுக்கு வந்து அதையே பேசிக்கொண்டிருந்தார். ஹென்றி முதல் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது.

கோவையில் ஐடி வேலையில் இருக்கும் என் நண்பருக்குக் கை நின்றது வேறு மாதிரி இடம். 'மாஸ் எஃபெக்ட்' மூன்று பாகங்களையும் முடித்தவர். 2007, 2010, 2012 என்று வந்தவை, 2021-ல் ஒரே தொகுப்பாகவும் வந்தன. முதல் பாகத்தில் எடுத்த முடிவு மூன்றாம் பாகம் வரை கூடவே வரும். அவர் நின்றது சண்டையில் இல்லை. தனக்குப் பிடிக்காத கருத்தை ஒரு பாத்திரம் சரியான நியாயத்தோடு பேசும் இடங்களில். அப்படிப்பட்டவருக்கு 'டிஸ்கோ எலிசியம்' தவிர வேறு பேச்சே இல்லை.

எஸ்டோனியாவின் ஸா/உம் குழு 2019-ல் வெளியிட்ட கேம். ராபர்ட் குர்விட்ஸ் இதன் முதன்மை எழுத்தாளர். ஒரு துப்பறிவாளன் குடித்துக் குடித்துத் தன் பெயரே மறந்துபோய் ஒரு விடுதி அறையில் கண் விழிக்கிறான். விடுதிக்குப் பின்னால் ஒரு மரத்தில் ஒரு பிணம் நாள்கணக்கில் தொங்குகிறது. அதை விசாரிக்கத்தான் அவன் வந்திருக்கிறான். சண்டை என்று தனியாக எதுவும் கிடையாது. பேச்சுதான் எல்லாம். அவன் தலைக்குள் 24 திறன்கள் ஆளாளுக்குக் குரல் கொடுக்கும். ஒன்று தர்க்கம் பேசும், ஒன்று எதிராளியின் வலியை உணரச் சொல்லும், ஒன்று இன்னும் குடி என்று தூண்டும். எந்தத் திறனை வளர்க்கிறோமோ அந்தக் குரல் உரக்கக் கேட்கும். கூடவே கிம் கிட்சுராகி என்ற சக அதிகாரி. பொறுமையும் நிதானமும் உள்ள மனிதர். அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்ற கவலையிலேயே நான் பல முட்டாள்தனங்களைச் செய்யாமல் விட்டேன். ஒரு கேம் பாத்திரத்தின் மதிப்பைச் சம்பாதிக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை வேறெங்கும் வந்ததில்லை.

கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. கதையின் பின்னணியே துறைமுகத் தொழிலாளர் யூனியனின் வேலைநிறுத்தம். யூனியன் தலைவர் எவ்ரார்ட் கிளேர் சிரித்துச் சிரித்துப் பேசி, உட்காரவே முடியாத நாற்காலியில் நம்மை உட்கார வைப்பார். கம்பெனியின் பேச்சாளராக வந்திருக்கும் ஜாய்ஸ் மெஸியே கண்ணியமாக, அறிவோடு, கிட்டத்தட்ட அன்பாகவே பேசுவார். இருவருக்குமே நாம் தேவை, இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கும், இருவரையும் முழுதாக நம்ப முடியாது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நால்வரின் நினைவு நாள் இன்றும் இங்கே அனுசரிக்கப்படுகிறது. எங்கள் அப்பாரு மில்லில் வேலை பார்த்தவர். வேலைநிறுத்தம் என்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதையும் சேர்த்துத்தான் கதை சொல்வார். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு கதை நடக்கும் ரெவச்சோல் நகரத்தின் அந்தத் துறைமுகம் தூரத்து ஊராகத் தெரியாது. ஆங்கிலம் கடினம்தான், மறைக்கவில்லை. 2021-ல் வந்த 'ஃபைனல் கட்' பதிப்பில் எல்லாவற்றுக்கும் குரல் இருக்கிறது. காதில் கேட்டுக்கொண்டே படித்தால் பாதிச் சுமை குறையும்.

உழைப்பைப் பற்றிய இன்னொரு கேம், இதைவிடச் சின்னது: 2022-ல் வந்த 'சிட்டிசன் ஸ்லீப்பர்'. ஒரு கம்பெனிக்குக் கடன்பட்ட மனிதனின் மனத்தை நகலெடுத்து ஓர் இயந்திர உடம்பில் போட்டிருக்கிறார்கள். அந்த உடம்பு கம்பெனிச் சொத்து. அங்கிருந்து தப்பி, பாழடைந்த ஒரு விண்வெளி நிலையத்துக்கு வந்து சேர்கிறோம். ஒவ்வொரு நாளும் பகடைகள் விழும். எந்தப் பகடையை எந்த வேலைக்குப் போடுவது என்பதுதான் விளையாட்டு. உடம்பு தேயத் தேயப் பகடைகளின் எண்ணிக்கை குறையும், அதை நிறுத்தும் மருந்து எளிதில் கிடைக்காது. எங்கள் பக்கத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஹாஸ்டலில் வைத்து, முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பாதியில் உடம்பு கெட்டு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கேமின் விதிமுறைகளுக்குள்ளேயே அந்த வாழ்க்கை இருக்கிறது. ஆனால் சோகத்திலேயே அமிழ்த்திவிடாது. கப்பல் கட்டும் இடத்தில் கூலி வேலை செய்யும் லெம் என்பவர் தன் சின்ன மகள் மினாவை நம்மிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பகடையைச் செலவழிக்கும்போது நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு வார ராத்திரிகளில் முடித்துவிடலாம்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அண்ணன் தம்பி, நட்பு, துரோகம், போர் என்று கேட்டு உருகுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பொன்னர் சங்கர் கதையை, எங்கள் பேச்சில் அண்ணமார் சாமி கதையை, உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடக் கேட்டு வளர்ந்த மண் இது. 1960-களில் காங்கேயம் பக்கத்து ஊரில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் அதை ஒலிநாடாவில் பதிந்து, பின்னாளில் அச்சிலும் கொண்டுவந்தார். நிதானமான பொன்னர், துடிப்பான சங்கர், நடக்கப்போவதை முன்கூட்டியே உணரும் தங்காள். படுகளத்தில் இருவரும் விழுவார்கள் என்று கேட்பவர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்காருவார்கள்.

அந்த விடியவிடிய உட்காரும் குணம் உள்ளவர்களுக்கு 'சுய்கோடென் 2'. ஜப்பானின் கொனாமி 1998-ல் வெளியிட்டது. ரியூ, ஜோவி என்று இரண்டு பால்ய நண்பர்கள், ரியூவின் வளர்ப்பு அக்கா நானாமி. இளைஞர் படையில் இருக்கும் இருவரையும் சொந்த நாட்டு இளவரசனே காட்டிக்கொடுக்கிறான். தப்பி ஓடுகிறார்கள். காலம் இருவரையும் எதிரெதிர் அணிகளில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இருவருக்குமே வேண்டியது சண்டை ஓய வேண்டும் என்பது மட்டும்தான். நடுவில் நானாமி நிற்கிறாள், இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற ஒரே ஆசையோடு. தங்காள் கதை கேட்டு அழுதவர்கள் நானாமியைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதோடு, ஊர் ஊராகப் போய் 108 பேரை நம் பக்கம் சேர்க்கலாம். பாழடைந்து கிடந்த கோட்டைக்குக் கொல்லர் வருவார், சமையல்காரர் வருவார், விவசாயி வந்து தோட்டம் போடுவார், கொஞ்சம் கொஞ்சமாக அது ஓர் ஊராகும். 108 பேரையும் தவறாமல் சேர்த்தவர்களுக்குக் கதையின் முடிவே மாறும். முதல் பாகமும் இரண்டாம் பாகமும் சேர்ந்து 2025 மார்ச்சில் புதுப்பொலிவோடு வந்திருக்கின்றன. முதல் பாகம் சின்னதுதான், அதை முடித்துவிட்டே போங்கள். அதில் நாம் ஆடிச் சேமித்த சேவ் ஃபைல் இரண்டாம் பாகத்துக்குச் செல்லும், பழைய முகங்கள் திரும்ப வரும்.

பல்லடத்துத் தம்பி முடித்தது 2010-ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்'. தொடக்கத்திலேயே குட்ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரைக் காப்பதா, கொள்ளைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு கேள்வி வரும். "நான் எந்தப் பக்கம் நின்னேன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குதுங்ணா" என்றான். அதுதான் அவனுக்குச் சுவை: செய்ததைக் கேம் கவனிக்க வேண்டும். அவனிடம் நல்ல மெஷினும் இருக்கிறது, கூட விளையாடக் கூட்டாளிகளும் இருக்கிறார்கள். ஆகவே 'பால்டர்ஸ் கேட் 3'. பெல்ஜியத்தின் லேரியன் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். 20 முகப் பகடை ஒன்று உருளும், அதில் விழும் எண்ணோடு வாழ வேண்டும். எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். இறந்தவர்களோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு, பிணத்திடம் ஐந்து கேள்விகள் கேட்கலாம். ஆனால் அந்த ஆளைக் கொன்றதே நாம் என்றால் பிணம் வாய் திறக்காது. வேறு உருவத்துக்கு மாறிப்போய்க் கேட்டால் பேசும். விலங்குகளோடு பேசும் மந்திரமும் விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள், மாடும் அணிலும் சொல்வதையும் கேட்க வேண்டும். இடம் மட்டும் 150 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் வேண்டும்.

கோபி அக்காவிடம் கேமுக்கென்று தனி மெஷின் கிடையாது, போன்தான். பசங்க பரீட்சைத் தாள் திருத்தி முடித்த பிறகு கிடைக்கும் நேரம்தான் அவருக்கு. 'டு தி மூன்' சொன்னேன். கான் காவ் என்பவர் 2011-ல் செய்தது. கணக்கு பார்த்தால் ஆர்பிஜி என்று சொல்லச் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், சண்டையே இல்லை. மரணப் படுக்கையில் இருக்கும் ஒரு முதியவருக்கு நிலவுக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு மருத்துவர்கள் அவர் நினைவுகளுக்குள் பின்னோக்கிப் போகிறார்கள். நாலைந்து மணி நேரத்தில் முடியும், ஆங்கிலமும் எளிது. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். இரண்டு பேரும் காகித முயல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஏன் முயல் என்று விளையாடிப் பாருங்கள். அதோடு சேர்ந்து நினைவுக்கு வருவது 2023-ல் வந்த 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை, இட்லி ஊற்றுவதில் தொடங்கும். அதுவும் ஆர்பிஜி இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கல்லூரி ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கும், நாள்காட்டியில் ஒவ்வொரு நாளையும் திட்டமிட்டு வாழும் ஆசை உள்ளவர்களுக்கும் 'பெர்சோனா 5 ராயல்'. நூறு மணி நேரத்துக்கு மேல் கேட்கும், அவசரப்படுபவர்களுக்கு ஆகாது. புதிதாக வந்தவற்றில் ஒன்று என்றால் பிரான்சின் சாண்ட்ஃபால் குழு 2025 ஏப்ரலில் வெளியிட்ட 'கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33'. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாபெரும் உருவம் ஓர் எண்ணை எழுதும், அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் கரைந்துபோவார்கள். இந்த முறை 33. தொடக்கக் காட்சியிலேயே கை நின்றுவிடும்.

எந்தக் கேமாக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். முடிவு தப்பாகப் போய்விட்டது என்று உடனே பழைய சேவ் ஃபைலை லோட் செய்து பின்னால் போகாதீர்கள். கதை ஆர்பிஜியின் முழுப் பலமும் அந்தத் தப்போடு தொடர்ந்து நடப்பதில் இருக்கிறது. டிஸ்கோ எலிசியத்தில் சிவப்பு நிறத்தில் வரும் திறன் சோதனைகளை ஒரே ஒருமுறைதான் முயலலாம். தோற்றாலும் அந்தத் தோல்விக்கென்றே எழுதி வைத்த காட்சி வரும், பல நேரம் வெற்றியைவிட அது நன்றாக இருக்கும். டோபி ஃபாக்ஸ் 2015-ல் செய்த 'அண்டர்டேல்' இன்னும் ஒரு படி மேலே போகும். அதில் எந்த எதிரியையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம். கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் லோட் செய்து மன்னித்தால், நீ முன்பு என்ன செய்தாய் என்று கேமுக்கு ஞாபகம் இருக்கும். 1999-ல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' முழுக்க முழுக்க இதைப் பற்றியே. சாகாத ஒரு மனிதன் பிணவறை மேசையில் எழுந்து, தான் முன்பு வாழ்ந்த வாழ்க்கைகளில் யார் யாருக்கு என்னென்ன செய்தான் என்று தேடிப் போகிறான். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எழுத்தில் அதை மிஞ்சியவை மிகச் சில. 2017-ல் புதுப்பித்த பதிப்பு பழைய கம்ப்யூட்டரிலும் டேப்லெட்டிலும் ஓடும்.

ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பலர், தமிழ் வழியில் படித்தவர்கள் குறிப்பாக. நான் மேலே சொன்ன ஆர்பிஜிகள் எதிலும் தமிழ் சப்டைட்டில் இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். அதனால் வரிசை முக்கியம். 'டு தி மூன்', 'அண்டர்டேல்' இரண்டிலும் தொடங்குங்கள், வாக்கியங்கள் குட்டி குட்டியாக இருக்கும். அப்புறம் குரல் உள்ள விட்சர், பால்டர்ஸ் கேட். குரலின் ஏற்ற இறக்கத்திலேயே பாதி அர்த்தம் வந்துவிடும். பென்டிமென்ட், டிஸ்கோ எலிசியம், பிளேன்ஸ்கேப் மூன்றையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காசு விஷயத்தில் அவசரமே வேண்டாம். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் கோடையிலும் ஆண்டுக் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும், பழைய கேம்கள் அப்போது ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கும்.

இந்தப் பொங்கல் லீவுக்கு நான் எடுத்து வைத்திருப்பது 'கிங்டம் கம்' இரண்டாம் பாகம், 2025 பிப்ரவரியில் வந்தது. குட்டன்பெர்க் என்ற வெள்ளிச் சுரங்க நகரத்துக்கு ஹென்றி போகிறான், இந்த முறை உலையில் இரும்பைக் காய்ச்சி அவனே வாள் அடிக்கலாம். மாமன் மகனும் அதே நாளில் தொடங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறான். யார் எந்தப் பக்கம் நின்றோம் என்று முடிக்கும்வரை சொல்லிக்கொள்வதில்லை என்று பேச்சு.